ஆறுமணிக்குருவியை எப்போது விடலாம்?

வணக்கம். கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு ஜன்னல் கண்ணாடியில் இன்று காலை ஒரு குருவி மோதி ஆத்தங்குடிக் கல் தரையில் விழுந்து கிடந்தது, பச்சை முதுகு, கண்ணோடு கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு, வாலே இல்லாத மாதிரிக் குட்டை, சந்தேகமே இல்லை, இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் குளிருக்குத் தெற்கே வரும் ஆறுமணிக்குருவிதான். சருகைக் கிளறிப் பூச்சியும் புழுவும் தின்கிற பறவை. அப்பத்தாவோ நொய்யரிசி வைத்துவிட்டு "சாப்பிட மாட்டேங்குதே" என்று கவலைப்படுகிறார்கள்.

துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்திருக்கிறேன். இப்போது எழுந்து நிற்கிறது, இறக்கை தொங்கவில்லை. இரவில்தான் வலசை போகுமாமே, அப்படியென்றால் சாயங்காலம் ஊரணிக்கரைப் புதரில் விடலாமா, இல்லை நாளைக் காலையிலா? காரைக்குடிப் பக்கம் பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் தெரிந்தாலும் சொல்லுங்கள். சீக்கிரம், பூனை வேறு முகப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது.