நெதர்லாந்தின் போட்டித்திறன்: துறைமுகத்தின் தயவா, சொந்த உற்பத்தியா?

கேள்வி – மருதன்:
ஏறத்தாழ 1.8 கோடிப் பேரே வாழும் நெதர்லாந்து, ஏற்றுமதி மதிப்பில் உலகின் முதல் பத்து நாடுகளுக்குள் இருக்கிறது. ராட்டர்டாமில் கப்பலிலிருந்து இறங்கி, ரைன் ஆற்றுப் படகுகளில் ஏறி ஜெர்மனிக்குப் போகும் சரக்கையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு வீங்கியிருக்கிறதோ என்பது என் ஐயம். அந்நாட்டின் போட்டித்திறன், வழியில் அமர்ந்து சுங்கம் வாங்குவதில் இருக்கிறதா, சொந்தமாகச் செய்து விற்பதில் இருக்கிறதா?

மறுமொழி – கணக்கர்:
உங்கள் ஐயம் பாதி சரி. உரிமை கைமாறாமல் நாட்டைக் கடந்து மட்டும் போகும் சரக்கு ஏற்றுமதியில் சேர்வதில்லை. டச்சு நிறுவனமொன்று வாங்கி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் மீண்டும் வெளிநாட்டுக்கு விற்பதே மறு ஏற்றுமதியாகச் சேர்கிறது. அதன் பங்கு மிகப் பெரியது என்றாலும், அதில் ஒரு யூரோவுக்குப் பத்துச் சென்ட் சொச்சமே நாட்டில் தங்குகிறது. சொந்த உற்பத்தியிலோ பாதிக்கு மேல் தங்குகிறது.

ஆனால் ‘சுங்கம்’ என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். ஆம்ஸ்டர்டாம் அருகே ஆல்ஸ்மேரில் நடக்கும் மலர் ஏலத்தில், விலை மேலிருந்து இறங்கிக்கொண்டே வரும். முதலில் பொத்தானை அழுத்துபவருக்கே சரக்கு, இன்னும் இறங்கட்டும் என்று ஒரு கணம் தாமதித்தவர் வெறுங்கையோடு இருக்க வேண்டியதுதான். அங்கே விலைபோகும் ரோஜாக்களில் கணிசமானவை கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் பூத்தவை. எனினும் விலை தீர்மானமாவது, தரம் பார்ப்பது, குளிர்பதன வண்டிகளில் ஐரோப்பா முழுவதும் அனுப்புவது யாவும் டச்சுக்காரர் கையில் உள்ளன. பல ரோஜா வகைகளை உருவாக்கி உரிமத்தொகை பெறுபவர்களும் அவர்களே.

மறுமொழி – நெய்தல்:
கணக்கர் ஐயா ஊதியத்தைத் தொடவில்லை. 1959-இல் க்ரோனிங்கனில் கண்டறியப்பட்ட எரிவாயுவின் ஏற்றுமதி வருவாய் கில்டர் நாணயத்தின் மதிப்பை உயர்த்தியதால், பிற தொழில்களின் பொருட்கள் வெளிச்சந்தையில் விலைகூடி நலிந்தன; ‘டச்சு நோய்’ என்று 1977-இல் பெயர் பெற்றது இதுதான். வேலையின்மை ஏறிக்கொண்டிருந்த 1982-இல், தொழிற்சங்கங்களின் சார்பில் விம் கோக்கும் முதலாளிகளின் சார்பில் கிறிஸ் வான் வீனும் வாசனாரில் ஓர் உடன்பாடு கண்டார்கள். விலைவாசிக்கேற்பத் தானாக உயரும் ஊதியத்தைச் சங்கங்கள் விட்டுக்கொடுத்தன. ஈடாக வேலை நேரம் குறைக்கப்பட்டது. ஏற்றுமதிக்கு மீண்டும் உயிர் வந்ததில் இந்த ஊதியக் கட்டுப்பாட்டுக்குப் பெரும் பங்குண்டு. (அதே கோக் 1994-இல் பிரதமரானார்.)

மருதன்:
நன்றி. குறைந்த ஊதிய உயர்வை நம்பியே எத்தனை காலம் ஓட்ட முடியும்?

மறுமொழி – பொறிஞன்:
முடியாது, இன்று அவர்கள் அதை நம்பியும் இல்லை. 1984-இல் தொடங்கிய, ஃபெல்ட்ஹோவனில் இயங்கும் ஏஎஸ்எம்எல் நிறுவனத்தைத் தவிர, மிக நுண்ணிய கணினிச் சில்லுகளில் சுற்றுகளைப் பதிக்கும் அதீத புற ஊதா ஒளி இயந்திரத்தை வேறு யாரும் விற்பதில்லை. அந்த இயந்திரத்தின் கண்ணாடிகளும் லேசரும் ஜெர்மனியிலிருந்து வருகின்றன. பிறர் செய்ததையெல்லாம் ஒன்றுசேர்த்து இயங்க வைப்பதே ஃபெல்ட்ஹோவனின் வித்தை.

என் கவலை வேறு. இடமும் மின்சாரமும் போதவில்லை. நைட்ரஜன் மாசு தொடர்பான அரசின் திட்டத்தை உச்ச நிர்வாக நீதிமன்றம் 2019-இல் செல்லாது என்றதிலிருந்து, கட்டுமானத்துக்கும் பண்ணைகளுக்கும் அனுமதி கிடைப்பது கடினமாகிவிட்டது. மின்கட்டமைப்பு நெரிசலால் தொழிற்சாலைகள் இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்கின்றன. ஏஎஸ்எம்எல் தன் விரிவாக்கத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விடுமோ என்ற அச்சம் எழுந்த பிறகுதான், 2024-இல் அரசு அந்நிறுவனம் இருக்கும் ஐந்தோவன் வட்டாரத்தின் வீட்டுவசதி, போக்குவரத்து, கல்வி, மின்கட்டமைப்பு ஆகியவற்றுக்கு 250 கோடி யூரோவை ஒதுக்கியது.