பெட்டி போய்ச் சேர்ந்துவிட்டது

குழு: ஈசூன் வீடு

அம்மா: காலை வணக்கம். தினேஷ் நேற்று ராத்திரி கூப்பிட்டான். ஆஸ்திரேலியாவில் ராணுவப் பயிற்சியில் இருக்கும் பிள்ளைக்கு நாம் அனுப்பிய பெட்டி போய்ச் சேர்ந்துவிட்டதாம்! ஒன்பது நாளாகக் காட்டுக்குள் இருந்திருக்கிறான், கையில் போன் இல்லை, நேற்றுதான் முகாமுக்குத் திரும்பினானாம். யார் யார் என்ன வைத்தீர்கள் என்று கேட்டு, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி நன்றி சொல்லச் சொன்னான்.

சித்தி: அப்பாடா

சித்தி: முறுக்கு?

அம்மா: முழுசாக ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை சரோ, எல்லாம் தூள். ஆனால் கேள், அந்தத் தூளை ரேஷன் பாக்கெட் சோற்றின் மேல் தூவிப் பதினோரு பேர் சாப்பிட்டிருக்கிறார்கள். கடைசியில் ஹஃபிஸ் பையைக் கிழித்து விரித்து, மூலையில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு எடுத்தானாம். உன் கைக்கு அவன் ஒரு சலாம் சொன்னான்.

சித்தி: 😭😭

அத்தை: டின்னில் போடச் சொன்னேன்

சித்தி: டின் கனக்கும் என்று சொன்னதே நீங்கள்தான் அண்ணி

நான்: அம்மா, குட்டி வரைந்த படம்?

அம்மா: அதை மழை படாமல் ஜிப் பையில் போட்டுச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருக்கிறானாம். டாங்கிக்கு ஏன் ஆறு கால் என்று கேட்டான்.

சித்தி: அது சக்கரம்!! குட்டி அழப் போகிறான்

பெரியப்பா: எல்லாருக்கும் வணக்கம். தம்பி தினேஷ் இருக்கும் இடம் ஷோல்வாட்டர் பே. குவீன்ஸ்லாந்து, பக்கத்து ஊர் ராக்ஹாம்டன், நமக்கு இரண்டு மணி நேரம் முன்னால். 1990லிருந்து நம் சிங்கப்பூர் ராணுவப் பிள்ளைகள் 'வாலபி' என்ற பயிற்சிக்கு அங்கே போகிறார்கள். அந்த நிலம் சிங்கப்பூரைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு, அதனால்தான் பீரங்கியும் ஹெலிகாப்டரும் சேர்த்துப் பழக முடிகிறது, நம் ஊரில் அதற்கு இடம் ஏது? பகலில் புழுதி, ஈ. ராத்திரியில் குளிர். அங்கே ஒரு ஜோடி காய்ந்த காலுறை கிடைத்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. இன்னும் எழுதுகிறேன்.

மாமா: சனிக்கிழமை பாட்டிக்குக் கண் டாக்டர். யார் கூட்டிப் போவது?

நான்: காலையா மாலையா?

மாமா: 10.40

அத்தை: போன தடவை நான்

பெரியப்பா: 2004 டிசம்பர் 26 சுனாமி. ஜனவரி தொடக்கத்தில் நிவாரண வேலைக்கு எங்கள் கடற்படைக் கப்பல் இந்தோனேசியாவின் மெலாபோவுக்குப் போனது. கப்பலைக் கட்டத் துறை இல்லை, சாலை இல்லை, கடற்கரையைச் சரிசெய்து அங்கேதான் அரிசியும் மருந்தும் புல்டோசரும் இறக்கினோம். குளித்தாலும் அந்த வாடை சட்டையை விட்டுப் போகாது. பொங்கல் சமயத்தில் பின்னால் வந்த கப்பலில் எனக்கு ஒரு துணிப்பை வந்தது, உங்கள் பெரியம்மா என் நண்பன் கையில் கொடுத்தனுப்பியது. எலுமிச்சை ஊறுகாய், இரண்டு ஜோடி காலுறை, ஒரு சின்னப் பொட்டலத்தில் சர்க்கரைப் பொங்கலுக்கு வறுத்த முந்திரி மட்டும், ஏனென்றால் பொங்கல் கெட்டுப்போகும். அப்புறம் கோடாலித் தைலம் இரண்டு குப்பி. அந்தத் தைலத்தை மூக்குக்குக் கீழே தடவிக்கொண்டுதான் எட்டுப் பேரும் வேலைக்கு இறங்கினோம், சொட்டுச் சொட்டாகப் பங்கு போட்டோம். ஊருக்குத் திரும்பியதும் அவளிடம் "பை வந்தது" என்று மட்டும் சொன்னேன். அவள் இருந்தவரை இதையெல்லாம் சொன்னதில்லை. தம்பி ஒவ்வொருவர் பெயரையும் சொன்னான் என்று படித்ததும் எழுதத் தோன்றியது.

நான்: பெரியப்பா ❤️

மாமா: 🙏

அத்தை: அண்ணா, அந்தத் தைலம் நான்தான் தேக்கா சந்தையில் வாங்கினேன். ஒன்று போதாது, கூட இருக்கிற பையன்களுக்கும் வேண்டியிருக்கும், இரண்டாக வாங்கு என்று அண்ணி சொன்னார். அந்த வருஷம் அண்ணி பொங்கல் வைக்கவில்லை. முந்திரியை வறுத்துப் பொட்டலம் கட்டிவிட்டு அடுப்பை அணைத்துவிட்டார்.

பெரியப்பா: எனக்குத் தெரியாது

அத்தை: சொல்லாதே என்றார்

அம்மா: பெரிய மாமா, சாப்பிட்டீர்களா? மதியம் இங்கே வந்துவிடுங்கள். மீன் குழம்பு.

பெரியப்பா: வருகிறேன் வசந்தி

அம்மா: இன்னொரு விஷயம். தினேஷ் பக்கத்துப் படுக்கை ஜுன் வெய். பாட்டி வளர்த்த பையன், அவருக்கு நடக்க முடியாது, அவனுக்கு எதுவும் வரவில்லை. நம் பெட்டியில் இருந்த காலுறையில் ஒரு ஜோடியை தினேஷ் கொடுத்திருக்கிறான். அவன் அதை உடனே போடாமல் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டானாம். தீபாவளிக்கு இரண்டாவது பெட்டி அனுப்பினால் அவன் பெயர் எழுதித் தனியாக ஒரு பை வைக்க வேண்டும்.

சித்தி: கண்டிப்பாக. நெய் உருண்டை செய்கிறேன்

அத்தை: நெய் உருண்டை உதிரும்

சித்தி: என் உருண்டை உதிராது அண்ணி, ராணி கல்யாணத்தில் உதிர்ந்தது நான் பிடித்தது இல்லை

மாமா: 😂 ஆரம்பித்துவிட்டது

பெரியப்பா: ஆஸ்திரேலியாவில் இறைச்சி, பழம், பச்சைக் கறிவேப்பிலை கூடாது. சாப்பிடும் பொருள் எதுவானாலும் அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும், மறைத்தால் அபராதம் போடுவார்கள். நெய், பால் சேர்ந்ததை விட்டுவிடுவது நல்லது. 3 இன் 1 கோப்பி கடையில் வாங்கியதாக, பிரிக்காமல் இருக்கட்டும்.

நான்: பெர்த்தில் மாமா பையிலிருந்து கறிவேப்பிலை எடுத்தார்களே

மாமா: அதை இன்னும் விடமாட்டீர்களா

சித்தி: அப்போ அச்சு முறுக்கு. தேங்காய்ப் பால்தானே?

அம்மா: கேட்டுச் சொல்கிறேன். வியாழக்கிழமை அந்தப் பக்கம் போகும் பையனின் அம்மாவுக்கு மெசேஜ் போட்டிருக்கிறேன், இன்னும் பார்க்கவில்லை. தபால் என்றால் தீபாவளிக்குள் போகாது, போன தடவையே 12 நாள்.

நான்: ஞாயிறு தேக்கா போகலாமா? காலுறை, பவுடர் எல்லாம்

சித்தி: ஞாயிறா! சிராங்கூன் ரோட்டில் கால் வைக்க முடியாது. வெள்ளி ராத்திரி

நான்: வெள்ளி எனக்கு வேலை

மாமா: பாட்டி கண் டாக்டர்???

அம்மா: பார்க்கலாம் தம்பி

அத்தை: பெரிய மைலோ டின் ஒன்று காலியாக இருக்கிறது சரோ. கழுவிக் காயவைக்கிறேன்.

சித்தி: சரி அண்ணி. வந்து எடுத்துக்கொள்கிறேன்

பெரியப்பா: தைலம் நான் வாங்குகிறேன். இரண்டு.