எங்க சபையில கிடக்குறது பைப் ஆர்கன்தானா? சரியாக்க முடியுமா?

மயிலாடிப்பக்கம்:
கிராமத்துச் சின்ன சபை எங்களுது. பீடத்துக்கு எடப்பக்கம் ஒரு பழைய ஆர்கன். மேல வரிசையா பொன்பூச்சுக் குழாய், கீழ ரெண்டு மிதி. வெள்ளைக்காரன் காலத்துப் பைப் ஆர்கன்னு கேட்டே வளந்தோம். இப்ப மிதிச்சா இழுப்புக்காரன் மாதிரி மூச்சுதான் வருது. ஒரு கட்டை மட்டும் கைய எடுத்தாலும் நிக்காம கத்துது. கீபோர்டு இருக்கும்போ இந்தச் சவம் எதுக்கு, ஆக்கர் கடைக்குப் போடுங்கன்னு கமிட்டில பாதிப்பேரு சொல்லுதாங்க. அசனத்துக்கு (சபை விருந்து) முந்தி முடிவெடுக்கணும்.

கொயர்_பாஸ்:
ஒரு குழாயைப் பையத் தூக்கிப் பாருங்க. அடியில காத்துத் துளை இல்லன்னா அது சும்மா அலங்காரம்; உள்ள இருக்குற பித்தளை நாக்கு (ரீடு) காத்துல அதிர்ந்து பாடுற ரீடு ஆர்கன்தான். அதுக்காக மட்டமில்ல.

பெட்டி_ரிப்பேர்:
அண்ணாச்சி, அவசரப்பட்டுப் போட்றாதீங்க. எங்க அப்பா காலத்துலேருந்து ஆர்மோனியப் பெட்டி பாக்குறோம். நம்ம ஆர்மோனியம் காத்தை ரீடு வழியா வெளிய தள்ளும். அமெரிக்க மாடல் மிதி ஆர்கன் நேர்மாறு, உள்ள இழுக்கும். அதனால சபைத் தூசி பூரா ரீடுக்குத்தான் போகும்.

மூச்சு மட்டும் வருதுன்னா துருத்தித் துணி கீறியிருக்கும், இல்ல எலி கடிச்சிருக்கும். பின்பலகையைக் கழட்டி, உள்ள டார்ச் வச்சு, வெளியில இருட்டுல நின்னு பாருங்க. ஓட்டை தானா தெரியும். ஒட்டுறதுக்கு வஜ்ஜிரம் (தச்சங்க காய்ச்சுற தோல் பசை) போதும். வெள்ளைப் பசை போட்டா அடுத்து பிரிக்குறவன் துணியோட மரத்தையும் உரிக்கணும்.

நிக்காம கத்துறது பெரும்பாலும் அடைப்பானுக்கடியில (ரீடுக்குப் போற காத்தை மூடுற பலகை) சிக்குன தூசி, இல்லன்னா மழையில ஊதின கட்டை. நமக்கு ரெண்டு பருவமழையும் உண்டுல்லா. பித்தளை ரீடுல பச்சை பூத்திருந்தா மெல்லிய பிரஷ் மட்டும். உப்புத்தாள் பக்கத்துலயே வரக்கூடாது.

மயிலாடிப்பக்கம்:
குழாய் அடியில துளை இல்ல. துருத்தி ஓரத்துல நாலு விரல் நீளம் கிழிசல். இன்னொண்ணு, சுருதி கீபோர்டோட சேரல. ரீடை ராவிச் சேத்துரலாம்னு ஒருத்தர் சொல்லுதாரு.

பெட்டி_ரிப்பேர்:
அவரை உள்ள விடாதீங்க! A சுரம்னா நொடிக்கு 440 அதிர்வுன்னு (A 440) உலகம் ஒத்துக்கிட்டதே 1939ல. அதுக்கு முந்துன பெட்டின்னா சுருதி வேறயா இருக்கலாம். நுனியை ராவுனா சுருதி ஏறும், அடியை ராவுனா இறங்கும். போன பித்தளை திரும்பி வராது. கீபோர்டுல டியூனிங்கை மாத்துங்க, ரெண்டு பொத்தான் வேலை.

கொயர்_பாஸ்:
பாமாலைக்கு (மேல்நாட்டு மெட்டு) ஆர்கன், கீர்த்தனைக்கு (நம்ம மெட்டு) கீபோர்டு. சண்டையே வராது.

பெட்டி_ரிப்பேர்:
கழட்டுற ஸ்குரூவை ஒரு டப்பில போட்டு வையுங்க. பழைய மறைக்கு இப்பத்த ஸ்குரூ சேராது.