முழு நீள மனித கிளாடின் 18.2: ஜெல்லில் இறங்கவே மாட்டேன் என்கிறது

கேள்வி (பெங்களூரு, யலஹங்கா):
ஹெச்இகே 293 என்ற மனித செல் வரிசையில் தயாரித்த ரீகாம்பினன்ட் புரதம், 0.05% டிடிஎம் (சவ்வுப் புரதத்தைக் கரைத்து வைக்கும் டிடர்ஜென்ட்) கலந்த பஃபரில் உள்ளது. சாம்பிளை 95 டிகிரியில் 5 நிமிடம் கொதிக்கவைத்து ஜெல்லில் ஓட்டினால், புரதம் வர வேண்டிய 28 கிலோடால்டன் பக்கம் ஒன்றுமில்லை. எல்லாம் வெல்லிலேயே (சாம்பிள் ஊற்றும் குழி) அப்பிக்கொள்கிறது. சரக்கு கெட்டுவிட்டதா?

பதில் 1:
சரக்கின் மேல் பழி போடாதீங்க, கொதிக்கவைத்ததுதான் வினை. செல் சவ்வை நான்கு முறை கடக்கும் புரதம் இது. சூட்டில் அதன் நீர்வெறுப்புப் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால், பிறகு சாம்பிள் பஃபரில் உள்ள எஸ்டிஎஸ் என்ற வலுவான டிடர்ஜென்டாலும் பிரிக்க முடியாது. 37 டிகிரியில் 30 நிமிடம் போதும். பட்டை 28க்குச் சற்றுக் கீழே வந்தாலும் பதற வேண்டாம். சவ்வுப் புரதங்கள் எஸ்டிஎஸ்ஸைக் கூடுதலாகப் பிடித்து வேகமாக ஓடுவது வழக்கம்.

கேட்டவர்:
நன்றிங்க. எலிசாவுக்கு (ஆன்டிபாடி கொண்டு புரதத்தைக் கண்டறியும் சோதனை) பிபிஎஸ் என்ற உப்புப் பஃபரில் 100 மடங்கு நீர்க்கலாமா?

பதில் 2:
வெறும் பிபிஎஸ்ஸில் வேண்டாம். டிடிஎம்மின் சிஎம்சி, அதாவது புரதத்தைத் தாங்கும் மைசெல் என்ற திரள்கள் உருவாகத் தேவையான குறைந்தபட்ச செறிவு, சுமார் 0.0087%. நீங்கள் சொல்லும் கணக்கில் 0.0005%தான் மிஞ்சும், மைசெல் கலைந்து புரதம் படிந்துவிடும். நீர்க்கும் பஃபரிலேயே 0.02% டிடிஎம் சேருங்கள். ஆனால் டிடர்ஜென்ட் இருந்தால் பிளேட்டில் நேரடி கோட்டிங் சரியாகப் பிடிக்காது. புரதத்தில் ஃபிளாக் டேக் (அடையாளத்துக்காக இணைத்த குறும் பெப்டைட்) இருந்தால், அதைப் பற்றும் ஆன்டி-ஃபிளாக் ஆன்டிபாடி பூசிய பிளேட்டில் பிடியுங்கள். வோர்டெக்ஸ் கருவியில் வேகமாகக் குலுக்காதீர்கள், நுரைத்துவிடும்.

பதில் 1:
10 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 80ல் வையுங்கள். தானே அவ்வப்போது சூடேறிப் பனியை உருக்கும் ஆட்டோ டிஃப்ராஸ்ட் ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம்.