பழைய இஸ்வாரா காருக்கு எந்தக் கறுப்பு எண்ணெய் (இன்ஜின் ஆயில்)? காலையில் நீலப் புகை

சிப்புட் தம்பி:
அண்ணன்மார்களே, வணக்கம். புரோட்டோன் இஸ்வாரா 1.3, 1997, கார்புரேட்டர். மீட்டரில் 280,000 கிலோமீட்டர். இப்போது ஊற்றியிருப்பது 10டபிள்யூ-30 எண்ணெய். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் குறைகிறது, கீழே சொட்டு இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை, ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். ஓட்டமெல்லாம் தோட்டத்துச் செம்மண் சாலையில் 6 கிலோமீட்டர்தான். 20டபிள்யூ-50 ஊற்றலாமா? லாரிக்கு வாங்கிய டீசல் 15டபிள்யூ-40 மீதம் கிடக்கிறது, அது ஆகுமா?

பழைய பொமென்:
தம்பி, ராத்திரி நின்ற காடி காலையில் மட்டும் புகைத்தால் பெரும்பாலும் வால்வு சீல்தான். ரப்பர் காய்ந்து இறுகிவிட்டால் மேலே தேங்கிய எண்ணெய் வால்வுத் தண்டு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கும். இறக்கத்தில் மூன்றாம் கியரில் எண்ணெய் மிதியை (ஆக்ஸிலரேட்டர்) விட்டு வாருங்கள், கீழே வந்ததும் மிதியுங்கள். அப்போது குப்பென்று நீலமாக வந்தால் சீல். மேடேறும்போது விடாமல் புகைத்தால் பிஸ்டன் ரிங்.

சந்தேகம் தீரவில்லையா, பட்டறையில் கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது.

அதற்கும் முன்னால் இன்ஜின் மேல்மூடியான ராக்கர் கவரில் செருகியிருக்கும், உள்ளே சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள். கடகடக்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் அடைப்பு. இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி எண்ணெயை வெளியே தள்ளும். மலிவான சாமான், முதலில் இதை மாற்றுங்கள்.

எண்ணெய்க்கு என் பதில் 15டபிள்யூ-40 மினரல், பெட்ரோல் இன்ஜினுக்கான ஏபிஐ தரம் எஸ்எல் அல்லது அதற்கு மேல். அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ரிங் தேய்ந்த இன்ஜினுக்குக் கைகொடுக்கும், ஆனால் காலையில் ராக்கர் வரை ஏறத் தாமதமாகும். 6 கிலோமீட்டரில் எண்ணெய் சரியாகச் சூடாவதும் இல்லை. காய்ந்த சீலை எந்த எண்ணெயும் புதிதாக்காது.

ஃபில்டரோடு சுமார் மூன்றேகால் லிட்டர் பிடிக்கும். மூன்று ஊற்றி, ஓட்டி நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் (அளவுக்கோல்) அளவு பாருங்கள். எண்ணெய் வடிக்கும் அடி நட்டுக்குப் புது வாஷர். இன்ஜினைக் கழுவும் ஃபிளஷ் மருந்து வேண்டவே வேண்டாம். கிளம்பும் சகதி சம்ப்புக்குள் (அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி) உள்ள சல்லடையை அடைத்தால் இன்ஜின் போய்விடும்.

டிராக்டர் அண்ணன்:
லாரி எண்ணெய் டின்னின் பின்புறம் படியுங்கள். டீசல் தரக் குறியான சிஐ-4 பக்கத்தில் எஸ்எல் என்றும் இருந்தால் தாராளமாக ஊற்றலாம். 'சி' எழுத்து மட்டும் என்றால் லாரிக்கே விட்டுவிடுங்கள்.

சிப்புட் தம்பி:
டின்னில் சிஐ-4, எஸ்எல் இரண்டும் உண்டு. பிசிவி குலுக்கினால் சத்தமே இல்லை. டிப்ஸ்டிக்கில் லேசாகப் பெட்ரோல் வாடை வேறு.

பழைய பொமென்:
அப்படியென்றால் அந்த எண்ணெயே போதும், பிசிவியை உடனே மாற்றுங்கள். குட்டி ஓட்டத்தில் சோக் போட்டாலும் லேசான வாடை வரும். எண்ணெய் அளவு குறையாமல் ஏறினால் மட்டும் ஓட்டாதீர்கள், பெட்ரோல் பம்ப் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்திருக்கலாம். செம்மண் தூசிக்கும் குட்டி ஓட்டத்துக்கும் 5,000 வரை காத்திருக்க வேண்டாம். மூன்று மாதம் அல்லது 3,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதில் மாற்றிவிடுங்கள்.