முதல் வருட அப்ரைசல் நோட்டீஸ்: வாங்கிய விலையைவிட 47,000 டாலர் அதிகம், ப்ரொடெஸ்ட் (மதிப்பை எதிர்த்து ஆட்சேபம்) எப்படிப் போடுவது?

புதுவீட்டுக்காரர்:
வணக்கம். டெக்சஸ், காலின் கவுண்ட்டியில் போன செப்டம்பரில் 545,000 டாலருக்கு வீடு வாங்கினோம். 2014-ல் கட்டியது, 2,760 சதுர அடி. இப்போது அப்ரைசல் மாவட்டத்திலிருந்து (வரிக்காக வீடுகளை மதிப்பிடும் அலுவலகம்) வந்த நோட்டீஸில் சந்தை மதிப்பு 592,000 என்று இருக்கிறது. பழைய ஓனருக்குப் போன வருடம் 438,000-க்குத்தான் வரி போட்டிருக்கிறார்கள். ஹோம்ஸ்டெட் (சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கான வரிச் சலுகை) இருந்தால் வரி போடும் மதிப்பை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது என்கிறார்களே, அது எங்களுக்கு இல்லையா? வாங்கிய விலையை அவர்களிடம் காட்டலாமா? பின்பக்க ஃபவுண்டேஷனில் விரிசல் என்று இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டில் இருக்கிறது, இன்னும் சரிசெய்யவில்லை. அது உதவுமா? ப்ரொடெஸ்ட் போட ஏஜென்ட் தேவையா?

வரிப்பலகை:
அந்த 10 சதவீத வரம்பு வீட்டோடு வருவதில்லை, ஓனரோடு போய்விடும். பழைய ஓனரின் வரம்பு விற்ற வருடத்தோடு முடிந்தது. நீங்கள் ஹோம்ஸ்டெட் தகுதி பெறும் முதல் வருடம் இது, உங்கள் வரம்பு அடுத்த ஜனவரி 1-ல்தான் தொடங்கும். அதனால் இந்த வருடம் வரம்பு இல்லாமல் சந்தை மதிப்பை வைத்தே வரி.

இந்த வருட மதிப்பை அப்படியே விடக்கூடாது என்பதற்கும் அதுதான் காரணம். அடுத்த வருட வரம்பு இதன் மேல்தான் கட்டப்படும். 592,000-ஐ ஏற்றுக்கொண்டால் அடுத்த வருடம் 651,200 வரை போகலாம். 545,000 ஆக்கினால் 599,500-தான் உச்சம். உங்கள் ஊர், கவுண்ட்டி, பள்ளி மாவட்டம் எல்லாம் சேர்த்து வரி விகிதம் 1.8 சதவீதம் என்று வைத்தால், இந்த வருடமே 800 டாலரை ஒட்டி மிச்சம்.

கெடு மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், எது பிந்தியதோ அது. ஆன்லைனில் போடலாம், இல்லையென்றால் படிவம் 50-132. அதில் 'சந்தை மதிப்பு அதிகம்', 'மற்ற வீடுகளோடு ஒப்பிட்டால் சமமாக இல்லை' என்ற இரண்டு காரணங்களையும் டிக் செய்யுங்கள். ஒன்றை மட்டும் டிக் செய்தால் மற்றதைப் பிறகு ஹியரிங்கில், அதாவது ஆட்சேபங்களை விசாரிக்கும் அப்ரைசல் ரிவ்யூ போர்டு (ஏ.ஆர்.பி.) முன்னால், பேச விடமாட்டார்கள். கூடவே அப்ரைசல் மாவட்டம் வைத்திருக்கும் ஆதாரத்தையும் கேட்டு வாங்குங்கள். ஹியரிங்குக்கு 14 நாள் முன்னால் தரவேண்டும், கேட்டும் தராததை உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது.

ப்ரொடெஸ்ட் போட்டால் ஏற்றிவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். நீங்களே சம்மதித்தால் ஒழிய, பதிவில் உள்ள மதிப்புக்கு மேல் போர்டு போக முடியாது.

கேட்டிவாசி:
விலையைப் பற்றி: டெக்சஸில் விற்ற விலையைச் சொல்லச் சட்டக் கட்டாயம் இல்லை. மாவட்டம் அனுப்பும் கேள்வித்தாளுக்குப் பதில் போடாமலும் இருக்கலாம். வாங்கிய விலை நோட்டீஸைவிட அதிகமாக இருப்பவர்கள் அந்தப் பக்கமே போகாமல், சமமின்மை காரணத்தை மட்டும் பிடித்துக்கொள்வது நல்லது. உங்கள் நிலைமை நேர் எதிர். உங்கள் முதல் ஆதாரமே க்ளோசிங் டிஸ்க்ளோஷர்தான் (வீடு வாங்கி முடிக்கும்போது விலையும் செலவும் காட்டித் தரும் பத்திரம்). விலையும் தேதியும் கையெழுத்தும் உள்ள பக்கங்கள் போதும், லோன் நம்பரை மறைத்துவிடுங்கள். மதிப்பு கணக்கிடும் நாள் ஜனவரி 1, நீங்கள் வாங்கியது செப்டம்பர். இவ்வளவு நெருக்கமான விற்பனையைத் தட்டிக்கழிப்பது கஷ்டம். பேங்க் எடுத்த அப்ரைசல் ரிப்போர்ட்டும் விலையை ஒட்டி வந்திருந்தால் சேருங்கள். அதிகமாக வந்திருந்தால் வேண்டாம்.

அந்த ரிப்போர்ட்டில் வீட்டின் ஸ்கெட்ச் இருக்கும். அதை மாவட்ட வெப்சைட்டில் உள்ள பதிவோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். ஹாலுக்கு மேலே திறந்து கிடக்கும் உயரத்தை மாடி அறையாகக் கணக்கில் எடுத்திருப்பார்கள், இல்லாத பாத்ரூம் இருக்கும், மூடிய பேட்டியோவை ஏ.சி. பரப்பில் சேர்த்திருப்பார்கள். 100 சதுர அடி தப்பு என்றாலே நல்ல தொகை.

ஃபவுண்டேஷன் விரிசல் கட்டாயம் உதவும், ஆனால் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் மட்டும் போதாது. அதில் டாலர் இல்லை. டாலர் இல்லாத குறையை யாரும் கழிக்கமாட்டார்கள். ஃபவுண்டேஷன் கம்பெனியிடம் எத்தனை பியர் (ஃபவுண்டேஷனைத் தாங்க நிலத்தில் இறக்கும் தூண்), ஒன்றுக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று எழுதிய எஸ்டிமேட் வாங்குங்கள், முடிந்தால் இரண்டு. விரிசல் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். ஜனவரி 1-க்கு முன்பே இருந்தது என்பதற்கு இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டின் தேதி சாட்சி, அதற்காக அதையும் வையுங்கள். ஒரு எச்சரிக்கை: விலை பேசும்போதே விரிசலுக்காகக் குறைத்து வாங்கியிருந்தால், 545,000-லிருந்து மறுபடியும் கழிக்கக் கேட்காதீர்கள். அப்போது எஸ்டிமேட் உங்கள் விலை ஏன் குறைவு என்பதை விளக்கும், அவ்வளவுதான்.

எண்கணக்கு:
சமமின்மைக்கு ஆதாரம் தயாரிப்பதில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் 430,000-க்கு வரி கட்டுகிறார் என்று எடுத்துப் போவார்கள். அது பத்து வருட வரம்பில் அடங்கிய எண். நீங்கள் ஒப்பிட வேண்டியது அவர் வீட்டின் 'சந்தை மதிப்பு' வரியை.

மாவட்ட வெப்சைட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நெய்பர்ஹுட் கோடும் (எந்தக் குடியிருப்புப் பகுதி என்ற குறியீடு) கட்டுமானத் தர வகுப்பும் இருக்கும். இரண்டும் உங்களுடையதோடு பொருந்துகிற, பரப்பில் 10 சதவீதத்துக்குள், கட்டிய வருடத்தில் நான்கைந்து வருடத்துக்குள் வருகிற ஐந்து முதல் ஏழு வீடுகளை எடுங்கள். பிறகு வித்தியாசங்களைச் சரிக்கட்டுங்கள்: அந்த வீட்டில் நீச்சல் குளம் இருந்தால் பதிவில் அதற்குப் போட்ட தொகையைக் கழியுங்கள், பரப்பு கூடுதலாக இருந்தால் கூடுதல் அடிக்கு உரியதைக் கழியுங்கள். எந்த ரேட் என்று குழம்ப வேண்டாம், மாவட்டம் தரும் ஆதாரப் பாக்கெட்டில் உள்ள ஒப்பீட்டு அட்டவணையிலேயே அவர்கள் ரேட் இருக்கும். அதையே போட்டால் எதிர்த்துப் பேச வழியில்லை.

சரிக்கட்டிய எண்கள் 538, 544, 551, 566, 583 ஆயிரம் என்று வந்தால் நடுவில் இருப்பது 551. சட்டம் கேட்பது அந்த நடு எண்ணைத்தான், சராசரியை அல்ல. குறைந்த வீடுகளாகப் பொறுக்கியெடுத்தால் உடனே தெரிந்துவிடும்.

ஜில்லோ (வீட்டு விலை வெப்சைட்) எஸ்டிமேட் எடுத்துப் போகாதீர்கள்.

புதுவீட்டுக்காரர்:
மிக்க நன்றி. ஆன்லைனில் ப்ரொடெஸ்ட் போட்டு க்ளோசிங் பேப்பரை ஏற்றினேன். 570,000-க்கு செட்டில்மென்ட் வந்திருக்கிறது. ஏற்றுக்கொள்ளவா?

வரிப்பலகை:
ஏற்றுக்கொண்டால் இந்த வருடத்துக்கு அதோடு முடிந்தது, பிறகு போர்டுக்குப் போக முடியாது. கையில் விற்பனைப் பத்திரம் இருக்கும்போது 570-க்கு நிற்காதீர்கள். முதலில் அந்த அப்ரைசரிடமே பேசுங்கள், பேப்பரை அவர் பார்த்தாரா என்று கேளுங்கள். பல நேரம் முதல் ஆஃபர் ஆள் பார்க்காமலே வருகிறது.

சரிவரவில்லை என்றால் ஏ.ஆர்.பி. ஹியரிங். பொதுவாக மூன்று பேர் உட்காருவார்கள், கிடைப்பது கால் மணி நேரம்தான். போர்ட்டலில் ஏற்றியது அவர்கள் மேஜைக்கு வரும் என்று நம்பவேண்டாம். மூன்று உறுப்பினர், மாவட்ட அப்ரைசர், உங்களுக்கு ஒன்று என ஐந்து காப்பி கொண்டுபோங்கள். முதல் பக்கத்தில் மூன்றே வரி: நீங்கள் கேட்கும் மதிப்பு, வாங்கிய விலையும் தேதியும், ஒப்பீட்டின் நடு எண். வரி விகிதம் அதிகம், கட்ட முடியவில்லை என்று பேசினால் நேரம்தான் வீண். விகிதத்தில் கைவைக்க அவர்களுக்கு அதிகாரமே கிடையாது. நேரில் போக முடியாதவர்கள் போனிலோ வீடியோவிலோ வரலாம், ஆனால் ஆதாரத்தை உறுதிமொழிப் பத்திரத்தோடு முன்கூட்டியே அனுப்பியிருக்க வேண்டும். ஏஜென்ட் வைக்காதவர்களுக்குக் காரணம் சொல்லாமலே ஒரு முறை தேதி மாற்றிக்கொள்ளும் உரிமை உண்டு. கேட்காமல் போகாமல் இருந்துவிட்டால் வழக்கு தள்ளுபடி.

ஏஜென்ட் பற்றி: மிச்சத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்கள். உங்கள் ஆதாரமே விலைப் பத்திரம்தான், அதைக் காட்ட இன்னொருவர் எதற்கு? நீங்களே செய்யுங்கள்.

கேட்டிவாசி:
ஹோம்ஸ்டெட் படிவம் 50-114 போட்டாயிற்றா? ப்ரொடெஸ்ட் வேறு, அது வேறு. ஏப்ரல் 30-க்குள் போடவேண்டும், தவறினாலும் பிறகு தாமதமாகப் போட வழி உண்டு. டிரைவர் லைசன்ஸில் இந்த வீட்டு முகவரி இருக்கவேண்டும், பழைய முகவரியோடு அனுப்பினால் திருப்பிவிடுவார்கள். 2025 முதல் பள்ளி வரிக்கு மட்டும் வீட்டின் மதிப்பில் 140,000 டாலர் கழிகிறது. படிவம் இலவசம். பணம் கேட்டு வரும் கடிதங்களைக் குப்பையில் போடுங்கள்.

எஸ்க்ரோவையும் (வரி கட்டுவதற்காக பேங்க் மாதத் தவணையோடு வாங்கி வைக்கும் பணம்) பாருங்கள். பேங்க் பழைய ஓனரின் 438,000-ஐ வைத்து மாதத் தவணை கணக்கிட்டிருந்தால், நீங்கள் ஜெயித்தாலும் பற்றாக்குறை வரும். இறுதி ஆர்டர் வந்ததும் அந்த மதிப்பில் வரியைக் கணக்கிட்டு, தவணையை இப்போதே திருத்தச் சொல்லலாம்.

எண்கணக்கு:
போர்டு முடிவும் பிடிக்கவில்லை என்றால் ஆர்டர் கிடைத்த 60 நாளுக்குள் ஆர்பிட்ரேஷன் (நடுவர் தீர்ப்பு) கேட்கலாம். 500,000-க்கு மேற்பட்ட ஹோம்ஸ்டெட்டுக்கு டெபாசிட் 500 டாலர். போர்டு 560-க்கு வந்து நின்றால் மீதி வித்தியாசம் 15,000, அதன் வரி 270 டாலர்தான், அங்கே நிறுத்திக்கொள்ளலாம். 592-ஐ அசைக்கவே மாட்டோம் என்றால் போங்கள். அது நடக்கும்போதும் ஜனவரி 31-க்குள் வரி கட்டியாகவேண்டும்.