செவிலியர் மாணவியரின் அறிவைச் சோதிக்கும் தேர்வை எப்படி அமைப்பது?

கேள்வி (செவிலியர் கல்லூரி ஆசிரியை):
அனைவருக்கும் வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவியருக்கு, நோயாளிப் பராமரிப்பையும் பொதுச் சுகாதாரத்தையும் சேர்த்துச் சோதிக்கும் உள்மதிப்பீட்டுத் தேர்வு ஒன்றைத் தயாரித்து வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள, கை கழுவ வேண்டிய ஐந்து தருணங்களையும் பிழையின்றி எழுதிவிடும் மாணவி, வார்டில் ஒருவரின் சிறுநீர் சேகரிக்கும் பையைக் காலி செய்த கையோடு அடுத்த கட்டிலில் நாடி பார்க்கச் சென்றுவிடுகிறார். மனப்பாடத்தை மட்டும் அளக்காத வினாக்களை எவ்வாறு அமைக்கலாம்?

பதில் 1 (மருத்துவ-அறுவைப் பிரிவு ஆசிரியர்):
ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் உருவாக்கி 1975-இல் வெளியிட்ட 'ஆஸ்கி' (OSCE) என்னும் செய்முறைத் தேர்வு முறையைப் பயன்படுத்துங்கள். மாணவியர் நிலையம் நிலையமாகச் சென்று, குறித்த நிமிடங்களுக்குள் ஒவ்வொரு பணியையும் செய்து காட்ட வேண்டும். நீங்கள் சொன்ன சிக்கலையே ஒரு நிலையமாக்கி, சிறுநீர்ப் பையைக் காலி செய்துவிட்டு அடுத்த நோயாளியின் நாடியைக் குறிக்குமாறு மட்டும் கேளுங்கள். கை கழுவுவதைப் பற்றி வினாவில் ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. "இப்போது கை கழுவுகிறேன்" என்று வாயால் சொல்பவருக்கு மதிப்பெண் தருவது இம்முறையையே கெடுத்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

டிரிப் கணக்கும் அப்படித்தான். ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட்டில் 1000 மி.லி. சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற, நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு என்று தாளில் எழுதினால் போதாது. கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணி, டிரிப் குழாயில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் உருளையைத் திருகி அந்த வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

பதில் 2 (கிராம சுகாதாரச் செவிலியர்களுக்குப் பயிற்சி அளிப்பவர்):
பொதுச் சுகாதாரத்துக்கு மூன்று பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி) குப்பிகளை மேசையில் வைத்து, எதைப் பயன்படுத்தலாம் என்று கேளுங்கள். முதல் குப்பியின் மேலுள்ள வெப்பக் குறியீட்டில் (வெப்பம் பட்டால் இதிலுள்ள சதுரம் கருத்துக்கொண்டே போகும்), வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வெளிறியிருக்கட்டும். இரண்டாவதில் சதுரம் வட்டத்தின் நிறத்தையே எட்டியிருக்கட்டும். மூன்றாவதன் குறியீடு நன்றாகவே இருக்கட்டும், ஆனால் குப்பி உறைந்து கிடந்ததாக ஒரு குறிப்பை அருகில் வையுங்கள். அந்தக் குறியீடு வெப்பத்தின் பாதிப்பை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது என்பதை உணர்ந்தவரே மூன்றாவதை ஒதுக்குவார்.

இன்னொரு வினா: காலை 9 மணிக்குக் கரைத்த தட்டம்மை-ரூபெல்லா குப்பி இருக்கும்போது, பிற்பகல் 1.30-க்கு ஒன்பது மாதம் நிறைந்த குழந்தையோடு ஒரு தாய் வருகிறார், என்ன செய்வீர்கள்? கரைத்து 4 மணி நேரம் கடந்ததால் அக்குப்பியைத் தொடக் கூடாது. அதற்காகத் தாயை அடுத்த வாரம் வரச் சொல்வதும் தவறு; ஒரே குழந்தைக்கானாலும் புதுக் குப்பியைத் திறக்க வேண்டும். இந்த இரண்டாம் பகுதிக்கே அதிக மதிப்பெண் ஒதுக்குங்கள். தடுப்பூசி தவறிப்போகும் குழந்தைகள் பலர் இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களே.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. குப்பி வினாவை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் எங்களிடம் ஆசிரியர்கள் குறைவு. எல்லா நிலையங்களிலும் ஒருவரை நிறுத்த இயலாது.

பதில் 1-ஐ எழுதியவர்:
தேவையில்லை. குப்பி நிலையத்தில் மாணவி முடிவையும் காரணத்தையும் தாளில் எழுதி வைத்துவிட்டுச் செல்லலாம். கை கழுவுதல், டிரிப் போன்று நேரில் பார்த்தே தீர வேண்டிய நிலையங்களுக்கு மட்டும் ஆசிரியர் போதும். முடித்தவர்களும் காத்திருப்பவர்களும் சந்திக்காதபடி வெவ்வேறு அறைகளில் அமர்த்துங்கள்.